காலையில் நான் திருக, மாலையில் நீ திருக

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. அங்கே தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டைக் கலக்கிவிட்டுப் போனவருக்கு என்ன குறை?

தங்கள் அக்கா மகளுக்கு மேல்தாடை பிறவியிலேயே உள்வாங்கியது என்பது தாங்கள் அறியாததல்ல. மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒருநாளும் சந்தித்ததில்லை. இந்த வயதிலும் ரொட்டியைக் கையால் கிழித்துத்தான் வாயில் போடுகிறாள். அதற்காகத்தான் டாக்டர் எலும்பை வெட்டி, தலையைச் சுற்றிக் கம்பிச் சட்டம் மாட்டி, முகத்துக்கு முன்னால் திருகு வைத்தார். தினமும் காலையில் திருகினால் தாடை மயிரிழை அளவு முன்னால் வரும், பின்னாலேயே புது எலும்பு வளரும். நானும் திருகிவிட்டு, பிள்ளைக்குத் துணையாக இருங்கள் என்று தங்களை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல!

தாடை அசையவே இல்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “எலும்பு அதுக்குள்ள இறுகிப்போச்சோ என்னவோ, மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும்” என்றார். உன் அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், பிள்ளை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சொன்னால், நீ ஸ்பேனர் பையோடு உட்கார்ந்துகொண்டு, “அந்தத் திருகு தினமும் லூசாகிடுது அத்தான், நான்தான் சாயங்காலமானா டைட் வைக்கிறேன்” என்கிறாய்! அடப்பாவி! காலையில் நான் முன்னால் இழுக்க, மாலையில் நீ பின்னால் தள்ள, என் பெண்ணின் தாடை என்ன மேஜை டிராயரா? ஏண்டி நீயாவது சொல்லக் கூடாதா என்று பிள்ளையைக் கேட்டால், “மாமா திருகினா வலிக்கலைப்பா” என்கிறாள். எப்படி வலிக்கும்? பம்பு ரிப்பேர் பார்ப்பவன் பம்போடு நிற்க வேண்டாமா? கம்பி குத்திய இடத்தில் சீழ் கசிந்ததற்கு கிரீஸ் டப்பாவை வேறு திறந்தாயாம். நல்லவேளை உன் அக்கா பார்த்துத் தடுத்தாள், இல்லாவிட்டால் உன்னை அடித்துவிட்டு நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்!

இப்போது முதலிலிருந்து திருகிக்கொண்டிருக்கிறேன். “பல்லு சேருதான்னு பார்ப்போம், சேரலைன்னா ஆபரேஷன்தான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே, அந்தச் சட்டத்தைக் கழற்றும்வரை நீ இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது. மிதித்தால் நான் மனிதனாக இருக்க மாட்டேன்.

மற்றபடி தாங்களும் தங்கள் ஸ்பேனர்களும் எங்களுக்கு வெகுதூரத்தில் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
தங்கள் அத்தான்.

பின்குறிப்பு: உறை எடுக்க உள்ளே போன நேரத்தில் உன் அக்கா மகள் இதைப் படித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாளின் மூலையைக் கடித்துத் துப்பினாள். மேலே வலதுபக்கம் பார், கையால் கிழித்ததில்லை, நறுக்கென்று முன்பல்லால் கடித்தது. வேறு தாளில் எழுதுகிறேன் என்றால் உன் அக்கா விடவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு இதையேதான் அனுப்ப வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுடா. பையை மட்டும் பட்டறையிலேயே வைத்துவிட்டு வா.