தக்காளிச் செடிக்கு ஒரு செக்கிங்

நேற்று நான்கு விரல் உயரம் இருந்த தக்காளிச் செடி, இன்று காலையில் ஒரு சாண் உயரம் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷத்தில் குதித்திருப்பார்கள். செக்கிங் சார் குதிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு செடியை மேலும் கீழுமாகப் பார்த்தார். ஓய்வு பெறும்வரை ஓடும் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவர் அவர். கணக்கில் ஒரு ஆள் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு என்பது அவர் கட்சி.

"இது என் செடி இல்ல."

"பின்ன யாரோடது? உங்க பாத்தியிலதானே நிக்குது?" என்றார் டீ கொண்டு வந்த மனைவி.

"அதான் சந்தேகமே. டிக்கெட் வாங்காதவன் எப்பவும் கண்டக்டர் பக்கத்துலயே நல்ல பிள்ளையா நிப்பான்."

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் விழாத வாக்கியம் இது. அதையும் ஒரு சந்தேகமாக மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி இடம்தான் இப்போது எல்லாருக்கும் பொதுவான தோட்டம். ஆளுக்கு ஒரு பாத்தி, அத்தனை பேருக்கும் ஒரே குழாய். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரான பல் டாக்டரம்மா வீடு தேடி வந்து, "நீங்கதான் சார் முன்ன நின்னு ஆரம்பிச்சுக் குடுக்கணும்" என்று சொன்னபோது, "இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றுதான் செக்கிங் சார் முதலில் கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "ஒரு பருவம் பாப்போம் சார். சரியா வரலேன்னா பழையபடி கார் நிறுத்த விட்டுருவோம்" என்றார்.

கார் என்றால் அதே குடியிருப்பில் இருக்கும் டிரைவிங் ஸ்கூல்காரரின் கார்கள். அதுவரை அந்த இடத்தில் அவருடைய எல் போர்டு வண்டிகள்தான் நின்றுகொண்டிருந்தன.

தோட்டம் போனால் செக்கிங் சாருக்கு மறுபடியும் கட்டில்தான். ஓய்வு பெற்ற புதிதில் உடம்புக்கு ஒன்றுமில்லாமலே மாதக்கணக்கில் அதில் கிடந்தார். கேட்டவர்களிடம் "ரெஸ்ட்டு" என்றார். அந்தக் கட்டிலுக்கு இனி அவர் திரும்புவதாக இல்லை. தோட்டத்தை விடக் கூடாது.

"என்ன சார், செடி ஜம்முன்னு வளந்துருக்கு?"

தோட்டத்து ஓரம் டிரைவிங் ஸ்கூல்காரர் நின்றுகொண்டிருந்தார். யாரும் கேட்காமலே பேச்சுக் கொடுப்பவனிடம்தான் டிக்கெட் இருக்காது. செக்கிங் சார் கண்ணைச் சுருக்கினார்.

"வண்டியெல்லாம் இப்ப எங்க நிக்குது?"

"ரோட்டோரமா சார். ஒதுங்க ஒரு நிழல் இல்ல. கத்துக்க ஆள் வர்றதில்ல. காக்காதான் ஸ்டியரிங் முன்னாடி உக்காந்து பாத்துட்டுப் போகுது."

போதும். காரணம் கிடைத்துவிட்டது. இவன் ராவோடு ராவாகக் கடைச் செடியைக் கொண்டுவந்து நடுகிறான். சங்கத்தார் பார்வையிட வரும் அன்று, "கடையில வாங்கி நட்டுட்டு வளத்தேன்னு சொல்றாரு!" என்று கூச்சல் போடுவான். தோட்டம் போகும், காக்காவுக்கு நிழல் கிடைக்கும்.

அன்று மாலை செக்கிங் சார் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தார். துணியில் சுற்றி வைத்திருந்த, டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவியை எடுத்துத் துடைத்தார். தோட்டத்துக்குப் போய், தன் பாத்தியில் இருந்த ஒவ்வொரு செடியிலும் அடி இலையாகப் பார்த்து 'டக்' என்று ஓர் ஓட்டை போட்டார்.

"பாவம், வலிக்காதா?" என்றார் மனைவி.

"முறையா பயணம் பண்றவனுக்கு என்ன வலி?"

மறுநாள் காலையில் தக்காளிச் செடியில் ஓட்டை இல்லை. வெண்டைச் செடியிலும் இல்லை. மிளகாய் விதைத்த இடத்தில் கத்தரிச் செடி நின்றது, அதுவும் பூவோடு.

பழைய செடிகள் எங்கே? செக்கிங் சார் பாத்தி பாத்தியாகக் குனிந்து இலைகளைப் புரட்டினார். பகீர் என்றது. தோட்டத்தில் அத்தனை பேர் செடியிலும் ஓட்டை!

"சார், அது புழு கடிச்சது" என்றார் பக்கத்துப் பாத்தி பியூட்டி பார்லர் அக்கா.

"புழு இவ்வளவு வட்டமா கடிக்காதும்மா."

"உங்க புழு கடிக்காது. எங்க புழு படிச்ச புழு."

"கிண்டல் வேண்டாம். அந்தக் கீரையைக் கொஞ்சம் இப்படிக் கொண்டாங்க, ஓட்டையை அளந்து பாக்கணும்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கீரையத் திருட்டுக் கீரைங்கறாரு! கேட்டீங்களா இந்த அநியாயத்த?" என்று அவர் போட்ட சத்தத்தில் நான்கு மாடியிலும் ஜன்னல் திறந்தது. அன்றே தன் பாத்தியைச் சுற்றி வலை கட்டிவிட்டார்.

வலையைப் பார்த்ததும் செக்கிங் சாருக்கு யோசனை உதித்தது. கம்பி வலை வாங்கிவந்து, ஆள் உயரத்துக்கு வேலி அடித்து, கதவு வைத்து, பூட்டும் போட்டார். நூல் பிடித்து அளந்துதான் அடித்தார். ஆனால் முடித்துப் பார்த்தால், தோட்டத்துக்கு இருந்த ஒரே குழாய் அவருடைய வேலிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"சார், சாவி."

"எதுக்கு?"

"தண்ணி ஊத்தத்தான்."

"நேத்துதானே ஊத்துனீங்க?"

ஒவ்வொரு வாளிக்கும் விசாரணை நடந்தது. வெண்டை வாடியது, கீரை தலை சாய்ந்தது. கோபத்தில் மற்றவர்களும் வேலி போட்டார்கள். அவரவர் பாத்திக்குப் போக அடுத்தவர் கதவைத் தட்ட வேண்டிய நிலை வந்தது. இந்த விசாரணை மும்முரத்தில் செக்கிங் சாரின் சொந்தப் பாத்திதான் முதலில் காய்ந்தது. பூட்டு போட்ட பிறகு அவருடைய செடிகள் வளரவே இல்லை.

"விஷம் வச்சுட்டான்" என்றார் மனைவியிடம்.

"ஆமாங்க, இருக்கும்" என்றார் மனைவி. குரலில் மட்டும் ஏனோ கொஞ்சம் கவலை இருந்தது.

டாக்டரம்மா வந்து சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி வலை.

"என்ன சார் இது, தோட்டமா ஜெயிலா? ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம் வச்சிருக்கேன். பாதிப் பேர் காருக்கே விட்டுரலாம்ங்கறாங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

செக்கிங் சார் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போனார். கட்டில் விரிப்பு கசங்காமல் காத்துக்கொண்டிருந்தது. அதன் பக்கம் போகாமல் நின்றபடியே தண்ணீர் குடித்தார். கூட்டம் கூடும் முன் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும். வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவர் தோட்டத்துக் கொட்டகையில் மண்வெட்டிக்கும் எரு மூட்டைக்கும் நடுவே குந்தியிருந்தார். எருவின் மணம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

கம்பி வலை கிறீச்சிட்டது.

எட்டிப் பார்த்தார். வேலி உச்சியில் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கமாக டிரைவிங் ஸ்கூல்காரர். கையில் தொட்டியோடு ஒரு தக்காளிச் செடி. அதில் பழமே தொங்கியது. பேன்ட் கம்பியில் மாட்டிக்கொண்டதால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

செக்கிங் சார் பாய்ந்து வெளியே வந்தார். "திருடன்" என்று கத்தத்தான் நினைத்தார். பழக்க தோஷம், வாயில் வந்தது வேறு.

"டிக்கெட்!"

"பாஸ்!" என்றார் வேலியில் இருந்தவர், பதற்றத்தில்.

சத்தம் கேட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு வரவேண்டியவர்கள், தலை வாரி, செருப்பு மாட்டி வந்திருந்தார்கள். வெற்றிக் களிப்பில் செக்கிங் சார் அதைக் கவனிக்கவில்லை.

"ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் சார். எல்லாம் நான்தான்."

"ஏன் செஞ்சீங்க?"

"பொறாமை சார்" என்றார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"சொல்லுங்க சார், என்ன பண்ணலாம் இவர?" என்றார் டாக்டரம்மா. "பாத்தியப் பிடுங்கிரலாமா?"

செக்கிங் சார் மேலே பார்த்தார். வேலியில் தொங்கியபோதும் அந்த மனிதர் செடியை மட்டும் சாயாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். டிக்கெட் இல்லாத கிழவியைக் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற பழைய வியாதி செக்கிங் சாருக்கு உண்டு. அது இப்போது தலைதூக்கியது.

"விட்டுருங்கம்மா. செடிய நட்டவன எப்படித் தண்டிக்கறது? என் மேலயும் தப்பு இருக்கு. குழாயப் பூட்டியிருக்கக் கூடாது. வேலியெல்லாம் எடுத்துருவோம். தோட்டம் மட்டும் இருக்கட்டும்."

"தோட்டம் இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார் டாக்டரம்மா.

எல்லாக் கையும் உயர்ந்தது. பியூட்டி பார்லர் அக்கா இரண்டு கையையும் தூக்கினார். வேலி உச்சியிலிருந்து டிரைவிங் ஸ்கூல்காரரும் ஒரு கையைத் தூக்க, பேன்ட் டர்ரென்று கிழிந்து, மனிதர் வேலியோரம் கிடந்த எரு மூட்டை மேல் வந்து விழுந்தார். செக்கிங் சாரே ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்.

வேலியைப் பிரித்துச் சுருட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தவருக்கு, கம்பி வெட்டும் குறடைக் கொட்டகையிலேயே விட்டது பாதி வழியில் ஞாபகம் வந்தது. திரும்பினார். டிரைவிங் ஸ்கூல்காரரை நம்பி ஒரு குறடைப் போட்டுவிட்டு வர முடியுமா, என்னதான் மன்னித்தாலும்?

கொட்டகைக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. செக்கிங் சார் வழக்கம்போல் சுவரோடு ஒட்டி நின்று காதைத் தீட்டினார். பேசியது டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவி. எதிரே நின்றது செக்கிங் சாரின் மனைவி.

"அக்கா, அண்ணன் கட்டில விட்டு எந்திரிச்சு பழையபடி யாரையாவது சந்தேகப்பட்டா போதும்னு நீங்க அழுதீங்களேன்னுதான் எங்க வீட்டுக்காரரு திருடனா நடிக்க ஒத்துக்கிட்டாரு, இடுப்பு ஒடிஞ்சுபோச்சு, அடுத்த மாசத் திருடனுக்கு டாக்டரம்மாவப் போட்டுக்குங்க!"