ஒரு லிட்டரில் சமுதாய முன்னேற்றம்

நம் சமுதாயம் பின்தங்கிவிட்டது என்று இந்த நாட்டில் மேடை ஏறிய அத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் பின்தங்குகிறது, அதற்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் பிடிக்கிறது என்று அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒரே மனிதர் எங்கள் தலைவர் மகாலிங்கம். ரப்பர் தோட்டத்தில் பால்வாளி தூக்கிக் காய்ப்புக் காய்த்த என் தோளில் செயலாளர் பட்டையை மாட்டிவிட்டவரும் அவரே. ஆகவே இதை நடுநிலையோடு எழுதுகிறேன்.

எங்கள் அமைப்பின் பெயர் 'தங்கா பத்து வட்டார இந்தியர் சிறு மோட்டார் சைக்கிள் மேம்பாட்டுக் கழகம்'. ஒரு பேனருக்குள் அடங்காததால் இரண்டு பேனர் அடித்தோம். கப்சாய் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தச் சின்ன வண்டியை, குறைந்த பெட்ரோலில் அதிக வேகமாக ஓட வைத்து, அப்படியே இனத்தையும் ஓட வைப்பது எங்கள் நோக்கம்.

தலைவரிடம் கப்சாய் கிடையாது. முப்பது வருடம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், கார் வைத்திருக்கிறார். கப்சாயில் உட்காராத ஒருவரால்தான் கப்சாயைப் பற்றி முழுமையாகச் சிந்திக்க முடியும் என்பது அவர் கருத்து. என்னிடமும் கிடையாது. 'தொழில்நுட்ப அதிகாரி' விமலனிடம் ஒன்று இருந்தது. வீடியோ பார்த்துக் கற்ற கலையால் அதை அவனே மேம்படுத்திவிட்டதால், அப்போது அது இரண்டு சாக்கில் இருந்தது.

கழகத்துக்கு ஓடுகிற வண்டி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. 'வசதி குறைந்தோருக்கு இலவச வண்டி சேவை' என்று வாட்ஸ்அப்பில் போட்டோம். மறுநாளே வந்து சேர்ந்தார் மலர்க்கொடி.

மலர்க்கொடியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. விடியும் முன்னே இடியப்பம் பிழிந்து, பெரிய பெட்டியில் அடுக்கி, கப்சாயின் பின்னால் கட்டி, தங்கா பத்திலிருந்து கிளேபாங் வரை வீடு வீடாக விற்கிறவர். 'பாம் பாம்' என்று அவருடைய ரப்பர் ஹார்ன் கேட்டால் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் தட்டோடு வாசலுக்கு வருவார்கள். பெட்டி காலியானால் அவர் வீட்டில் உலை கொதிக்கும். காலியாகாவிட்டால் ராத்திரிச் சாப்பாடும் இடியப்பம்தான்.

"சார், பின் பிரேக் சுத்தமா புடிக்க மாட்டேங்குது. முன் பிரேக்கும் லேசாத்தான் புடிக்குது. அதை மட்டும் பாத்துக் குடுத்தீங்கன்னா புண்ணியமா போவும்" என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மலர், நாங்க முன்னேற்றத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். நீங்க நிக்கிறதைப் பத்திப் பேசுறீங்க."

நான் கைதட்டினேன். அது செயலாளரின் கடமை.

"அக்கா, பிரேக் புடிக்கப் புடிக்க ஸ்பீட் கொறையுதுல்ல? அப்ப பிரேக்குதானே பிரச்சினை?" என்று விமலன் விளக்கினான்.

"ஐயோ தம்பி, எனக்கு ஸ்பீட் வேணாம்லா. நாய் குறுக்க வந்தா நிக்கணும்."

"நாய் ஒதுங்கிக்கும்க்கா. சத்தத்தை அப்படி வைக்கிறேன் பாருங்க."

அன்றே வேலை தொடங்கியது. முன் பிரேக் தேவையற்ற எடை என்று கழற்றப்பட்டது. பின் பிரேக் 'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று தீர்மானமானது. கண்ணாடி இரண்டும் போயின. பின்னால் பார்ப்பது பின்தங்கிய மனப்பான்மை என்றார் தலைவர். மட்கார்டு போனது. சாவியும் எடைதானே என்று அதையும் எடுத்துவிட்டு நேரடியாக வயர் கொடுத்தான் விமலன். சின்னப் பல்சக்கரம், பெரிய எக்ஸோஸ் பைப், ஒல்லி டயர். இடியப்பப் பெட்டியையும் எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மலர்க்கொடி பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகர மறுத்ததால் அது மட்டும் தப்பியது. எல்லா முன்னேற்றத்துக்கும் இப்படி ஒரு தடை இருக்கத்தான் செய்கிறது.

முதல் சோதனையிலேயே முள் நூற்று இருபதைத் தொட்டது. தொட்டது மட்டுமல்ல, அங்கேயே தங்கிவிட்டது. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வைத்தாலும் நூற்று இருபது காட்டியது. உலகில் வேறு எந்தக் கப்சாய்க்கும் இந்தத் திறன் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் மலர்க்கொடி ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்து மேசை மேல் வைத்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"ஹார்ன் அடிச்சா யாருக்கும் கேக்கல சார். எக்ஸோஸ் சத்தத்துல புள்ளைங்க அழுவுதுங்க. நான் இந்த வீட்டுல நிக்கணும்னா மூணு வீட்டுக்கு முன்னாலயே காலைத் தேய்க்க வேண்டியிருக்கு. மலாய்க்காரம்மா, மாக்சிக் ஒருத்தவங்க தட்டைத் தூக்கிக்கிட்டு 'காக், துங்கு! துங்கு!'ன்னு, அக்கா நில்லு நில்லுன்னு பின்னாலயே ஓடியாறாங்க. நான் எங்கருந்து துங்கு பண்றது? அடுத்த லோரோங் சந்துக்குள்ள போயிட்டேன். ஒரு மலாய்க்காரப் பெரியவரு, பாக்சிக் கேக்குறாரு, காக்கும் ரோட்டுல ரேஸ் விடுற ரெம்பிட் ஆயிட்டீங்களான்னு."

பிரச்சினையை ஆழமாக ஆராயும் பொருட்டு மிஞ்சிய இடியப்பத்தை நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். தேங்காய்ப்பூ கொஞ்சம் குறைவு என்று தலைவர் கருத்துத் தெரிவித்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார்.

"எங்க பெட்ரோல் வீணாகுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். நிக்கிறதாலதான். நின்னு நின்னு எடுக்கிறப்போதான் வண்டி குடிக்குது. நீங்க வீட்டுக்கு வீடு நிக்கிறீங்க, மலர்."

"வீட்டுக்கு வீடு நின்னாத்தானே சார் வாங்குவாங்க?"

"அது வியாபாரப் பிரச்சினை. எங்க கழகம் டெக்னிக்கல்."

இனி வண்டி எந்த வீட்டிலும் நிற்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மலர்க்கொடிக்கு ஓட்டுரிமை இல்லை. வண்டி மட்டும்தான் அவருடையது.

"அப்ப இடியப்பத்தை எப்படிக் குடுக்கிறது?"

"பொட்டலம் கட்டித் தூக்கிப் போடுங்கக்கா" என்றான் விமலன். "பேப்பர் போடுறவன் போடுறான்ல?"

மூன்று நாள் போட்டார். ஒன்று ஒரு வீட்டுக் கூரையில் டிவி தட்டில் போய் உட்கார்ந்தது. ஒன்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாக்சிக்கின் தலையில் சீனியோடு அவிழ்ந்தது. மீதியை வாங்கிக்கொண்டவை பெரும்பாலும் பூனைகள். பூனைகள் காசு கொடுப்பதில்லை என்பதைத் தவிர இத்திட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பெட்ரோல் செலவு பாதியாகக் குறைந்திருந்தது. தலைவர் கண்கலங்கினார்.

உடனே விழா. திடலில் கூடாரம், குத்துவிளக்கு, இரண்டு பேனர், சிறப்பு விருந்தினராக டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலை எல்லோர் முன்னிலையிலும் ஊற்றி, வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று உலகுக்குக் காட்டுவது திட்டம். விமலன் கடைசி நிமிடத்தில் ஒரு புதுமை செய்தான். முறுக்கிய ஆக்சிலேட்டர் பிடி ஒரே சீராக இருந்தால் பெட்ரோல் மிச்சம் என்பதால், பழைய டயர் டியூபை நறுக்கி, அந்த ரப்பரால் பிடியை இறுக்கிக் கட்டிவிட்டான். நம் முன்னோர் வெட்டிய ரப்பர் நம் முன்னேற்றத்துக்கே பயன்பட்டதை எண்ணி நான் சிலிர்த்தேன். காற்றுத் தடுக்காமல் இருக்க மலர்க்கொடியை வண்டி மேல் குப்புறப் படுக்கச் சொன்னோம்.

"படுத்துக்கிட்டா? நாலு பேரு பாக்குற எடத்துலயா?" என்றார். பிறகு படுத்தார். அன்றைக்காவது பிரேக் மாட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம்.

"சார், பிரேக்கு?"

"விழா முடியட்டும் மலர். டத்தோ வந்துட்டாரு."

கொடி அசைந்தது. வண்டி கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. குத்துவிளக்கு அணைந்தது. இரண்டாம் சுற்றில் டத்தோவின் மாலை பறந்தது.

"சார்! நிக்கல! நிக்கல சார்!" என்று மலர்க்கொடி அலறினார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "கேட்டீர்களா டத்தோ? நிற்கவில்லை என்கிறார் ஒரு சாதாரணப் பெண்மணி! இனி இந்தச் சமுதாயம் எங்கும் நிற்காது!"

கைதட்டல் அடங்குவதற்குள் வண்டி திடல் வாசலைத் தாண்டி, பாயா ரும்புட் சாலையைப் பிடித்துவிட்டது.

நாங்கள் மூவரும் 'ஆய்வுக் குழு'வாகத் தலைவரின் காரில் பின்தொடர்ந்தோம். குளிர்சாதனம் போட்டிருந்தது. பாயா ரும்புட்டைத் தாண்டி ஒரு மேட்டில், பெட்ரோல் தீர்ந்து, வண்டி தானாகவே நின்றிருந்தது. மலர்க்கொடி சாலையோரம் உட்கார்ந்திருந்தார். சிலிப்பர் இரண்டிலும் அடிப்பாகம் இல்லை. குதிகால் இரண்டிலும் தோல் இல்லை. வழி முழுக்கக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

தலைவர் குனிந்து கிலோமீட்டரைப் பார்த்தார். "சாதனை!" என்றார்.

"அந்தா பெட்ரோல் ஸ்டேஷன் தெரியுது. கொஞ்சம் ஊத்திக்கிட்டு வந்துடறேன் சார். அதுக்கு முன்னால, டேய் விமலா, அந்த ரப்பரை அவுறுடா நாசமா போனவனே."

"ஊத்தினா ரெக்கார்டு கெட்டுடும் மலர்."

"அப்ப கார்ல ஏறிக்கிறேன். வண்டியை அப்புறம் எடுத்துக்கலாம்."

"வண்டியை விட்டுட்டு ஓட்டுநர் மட்டும் வந்தா விதிப்படி செல்லாது."

மலர்க்கொடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வண்டியையும் பார்த்தார். எங்களிடம் விட்டுவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு சாக்கு நிரம்பும் என்று தெரிந்தவர். எழுந்து, வெறுங்காலோடு தள்ளத் தொடங்கினார். அவருடைய பாதுகாப்புக்காக விளக்கை மினுக்கிக்கொண்டு நாங்கள் காரில் மெதுவாகப் பின்னாலேயே வந்தோம். கார் அன்று ஏராளமாகப் பெட்ரோல் குடித்தது. ஆனால் கார் எங்கள் கழகத்தின் ஆய்வு வரம்பில் வராது.

திடலை அடைந்தபோது டத்தோ போய்விட்டிருந்தார். பொன்னாடை மட்டும் நாற்காலியில் இருந்தது. தலைவர் கால்குலேட்டரைத் தட்டினார். அவர் முகம் ஒளிர்ந்தது. போன தூரம், திரும்பி வந்த தூரம், இரண்டுக்கும் சேர்த்து அதே ஒரு லிட்டர்! சாதனை இரட்டிப்பானது. அவரே பொன்னாடையை எடுத்து மலர்க்கொடிக்குப் போர்த்தினார்.

மலர்க்கொடி அதை எடுத்து, நடுவில் 'சரக்' என்று கிழித்து, உட்கார்ந்து, குதிகாலுக்கு ஒன்றாகச் சுற்றிக் கட்டினார்.

"மலர்! அது பொன்னாடை!"

"தெரியும் சார். ரத்தம் நிக்கணும்ல? ஏதாச்சும் ஒண்ணாவது நிக்கட்டும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிரேக் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

எங்கள் உழைப்பின் முழுப் பலனும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போதும் தினமும் காலையில் இடியப்பம் வருகிறது. வண்டியில் பெட்டி இருக்கிறது, ஹார்ன் இருக்கிறது. பிரேக் வாங்கிப் போடும் வரை மலர்க்கொடி இன்ஜினைக் கிளப்புவதில்லை, தள்ளிக்கொண்டே வருகிறார். 'பாம் பாம்' ஊர் முழுக்கக் கேட்கிறது. வீட்டுக்கு வீடு நிற்கிறார். மாக்சிக்குகள் நிதானமாகத் தட்டை நீட்டுகிறார்கள். பெட்டி கிளேபாங் போய்ச் சேர்வதற்குள் காலியாகிவிடுகிறது. பெட்ரோல் செலவு? ஒரு சொட்டு இல்லை! ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கால்குலேட்டரே விடை சொல்ல மறுத்துவிட்டது. இந்த மாபெரும் வெற்றியைத் தேசிய அளவுக்குக் கொண்டு செல்ல இன்னொரு பேனர் அடிக்கக் கொடுத்திருக்கிறோம்.

வண்டியில் தொழில்நுட்பக் கோளாறு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தலைவர் வீடு, விமலன் வீடு, என் வீடு, இந்த மூன்று வாசலில் மட்டும் அது நிற்பதில்லை. நேற்று நான் தட்டோடு வாசல் கேட் அருகே காத்திருந்தேன். குதிகாலில் சரிகைத் துணி மின்ன, நடைவேகத்தில் தள்ளிக்கொண்டு வந்தார் மலர்க்கொடி.

"மலரு! ஒரு அஞ்சு வச்சிட்டுப் போம்மா!"

அவர் தலையைத் திருப்பவில்லை. நடையையும் மாற்றவில்லை.

"பிரேக் இல்லண்ணே" என்றார். "நிக்காது."