மாமா நின்ற இடத்தில் தண்ணீர்

கோப்பாய்,
திருவெம்பாவை தொடங்கின நாள்.

அன்புள்ள மருமகன் நிருஷனுக்கு,

மாமி செல்வநாயகி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இரண்டு ஆடும் சுகமாக இருக்கிறோம். யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அந்த ‘யாவரும்’ என்ற சொல்லுக்குள் உம்முடைய மாமாவும் வந்து நிற்கப் பார்த்தார், ஆகவே அதை விட்டுவிட்டேன். அங்கே நீரும் உம்முடைய அம்மா அருமைநாயகி மச்சாளும் குளிர் காய்ச்சல் இல்லாமல் இருக்க நல்லூரான் பார்த்துக்கொள்ளுவான். போனில் கதைக்கலாமே மாமி என்பீர். போனில் கதைத்தால் எனக்கு அழுகை வருகிறது, உமக்கு வேலை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நான் அழுதாலும் நீர் வாசித்து முடிக்கத்தான் வேண்டும்.

நீர் அனுப்பின பார்சல் கிடைத்தது. சொக்கிளேற் நல்லது, ஆட்டுக்கும் பிடித்துக்கொண்டது, அது வேறு கதை. அதோடு வந்த கலண்டரைப் பற்றித்தான் எழுத வந்தேன். உம்முடைய படம் கனடாவில் போட்டியில் முதலாவதாக வந்து கலண்டரின் முன்மட்டையில் போட்டிருக்கிறார்கள் என்று மச்சாள் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது, மாசியில் நீர் இங்கே வந்து நின்றபோது கைதடிப் பாலத்தடியில் எடுத்த படம்தான் அது என்று. உம்முடைய மாமாவைக் கடைசியாக ஒரு ஆள் படம் எடுத்தது அன்றைக்குத்தான். கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, சாமிப் படத்துக்குக் கீழே இருந்து மெல்லப் பிரித்தேன். வானம் இருந்தது. தண்ணீர் இருந்தது. மதகுக் கட்டின் உடைந்த மூலை இருந்தது. மாமா நின்ற இடத்திலும் தண்ணீர் இருந்தது.

ஒருவேளை வேறு பக்கத்தில் போட்டிருப்பார்களோ என்று எல்லா மாதத்தையும் புரட்டினேன். ஒரு மாதத்தில் பெரிய நீர்வீழ்ச்சி, ஒரு மாதத்தில் சிவந்த மரம், ஒரு மாதத்தில் பனிக்குள்ளே ஒரு மான். ஒரு மாதத்திலும் அவர் இல்லை. மானுக்குப் பின்னால் கூடப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு மனோன்மணி அக்காவிடம் வேலிக்கு மேலால் நீட்டிக் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “எடி, இது மாலைதீவெல்லே! என்ரை பேத்தி கலியாணம் முடிச்சுப் போய் நிண்ட இடம்” என்றா. “இல்லையக்கா, இது எங்கடை பாலத்தடி” என்றேன். “ஆள் போன கவலையிலை உனக்கு ஊரும் தெரியேல்லை பிள்ளை” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனா. அவவைக் குற்றம் சொல்ல முடியாது. வானம் கத்தரிக்காய் நிறம், அதிலே ஒரு பறவை. பின்னேரம் எங்கள் முதுகுப் பக்கம் இறங்கின சூரியன், கலண்டரில் கைதடிப் பக்கமாக விழுகிறது. ஷெல் அடித்துத் தலை போன மொட்டைப்பனைக்கு நீர் ஓலை முளைக்க வைத்திருக்கிறீர். பனைக்குத் தலை கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு மாமாவின் தலையை விட்டுவைக்கத் தெரியவில்லையே தம்பி.

அன்றைக்கு நடந்தது உமக்கு மறந்திருக்கும். எனக்கு இப்போது வேலை குறைவு, அதனால் ஒன்றும் மறக்கவில்லை. நீர் மூன்றுகால் தாங்கியை ஊன்றி, கமராவுக்குள்ளே கண்ணை வைத்தீர். மாமா புல்லுக்கட்டோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து மதகுக்கு அங்கால் தரவைப் புல்வெளியில் நின்றார். “மாமா, கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ” என்றீர். அவர் நடுவுக்கு அரக்கினார். “இன்னும் கொஞ்சம் மாமா” என்றீர். அவர் மடித்துக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டு இன்னும் நடுவுக்கு வந்தார். “ஐயோ மாமா, அங்காலை, அங்காலை” என்றீர். அவர் தலைப்பாகைத் துவாயை அவிழ்த்து, கையை நனைத்துத் தலையைத் தடவி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நீர் அவரைப் படத்தை விட்டுப் போகச் சொன்னீர். அவர் நினைத்தது, தன்னை வடிவாக எடுக்கத்தான் இந்தப் பிள்ளை இவ்வளவு பாடுபடுகிறது என்று. பொய் சொல்லக் கூடாது, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது, “பாத்தியே, எத்தினை தரம் அரக்கி அரக்கி எடுத்தவன்! உதுதான் படிச்ச பிள்ளையின்ரை பொறுமை. இஞ்சத்தை ஸ்ரூடியோக்காரன் எண்டால் டக்கெண்டு அடிச்சுப்போட்டுப் போ எண்டிருப்பான்” என்று புல்லுக்கட்டு சரிவதும் தெரியாமல் உம்மைப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு தினமும் வேலியடிதான். எங்களிடம் படம் வருகிற போன் இல்லை, உம்முடைய ஆட்கள் அனுப்புவதெல்லாம் மனோன்மணி அக்காவின் மகள் தர்ஷிகாவின் போனுக்குத்தான் வரும் என்பது உமக்குத் தெரியும். “பிள்ளை, கனடாவிலை இருந்து ஏதும் வந்ததோ?” என்று கேட்பார். “ஓம் மாமா, குட்மோர்னிங் பூ வந்தது” என்று அவள் காட்டுவாள். அவரும் மரியாதைக்கு அந்த ரோசாப்பூவைப் பார்த்துவிட்டு வருவார். பங்குனி, சித்திரை, வைகாசி என்று உம்முடைய அம்மா அனுப்பின பூவெல்லாம் பார்த்தார். “பெரிய படம் போலை, கழுவி எடுக்க நாள் செல்லும்” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். ஆவணியில் நெஞ்சுக்குள் இறுக்குகிறது என்று படுத்தவர் எழும்பவில்லை. படம் வரவில்லை என்ற கவலையில் போனார் என்று நான் சொல்லவில்லை, பழி போடுகிற சாதி நாங்கள் இல்லை. வரும் என்றுதான் போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவர் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் போட ஒரு படம் தேவைப்பட்டது. பொன்னம்பலம் என்று பேர் போட்ட அடையாள அட்டையில் இருந்ததைத் தவிர வேறு படம் இல்லை. மானிப்பாயில் கெல்வின் என்று ஒருவர் ஸ்ரூடியோ வைத்திருக்கிறார், நல்ல மனுசன், அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மா ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, ஐயாவை ராசா மாதிரி ஆக்கித் தாறன்” என்றார். ஆக்கித்தான் தந்தார். கறுப்புக் கோட், கழுத்தில் சிவப்பு ரை, கன்னத்து மச்சம் போய்விட்டது, நரைத்த தலை கரி போல கறுத்துவிட்டது. அவர் கலியாணத்துக்கே வேட்டி சால்வை கட்டின மனுசன், செத்துத்தான் ரை கட்டினார். எங்கள் ஊர்ப்பக்கம் இப்போது செத்தவர் எல்லோரும் அதே கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள், ஆகவே நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தியேட்டி அன்று, அவரோடு சின்னனில் இருந்து தோட்டம் செய்த செபநாயகம் அண்ணை வந்து, மாலை போட்ட படத்தைக் கும்பிட்டுவிட்டு, என் காதுக்குக் கிட்ட வந்து, “பிள்ளை, பொன்னம்பலத்தின்ரை படம் ஒண்டும் வைக்கேல்லையோ?” என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, புரைக்கேறி, ஆட்கள் எனக்குத்தான் ஏதோ என்று தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள்.

அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், கோட் போட்ட இந்தப் பெரிய மனுசன் ஊருக்கு, பாலத்தடியில் நிற்கிற சாரம் கட்டின மனுசன் எனக்கு, அவர் தம்பி நிருஷனிடம் பத்திரமாக இருக்கிறார் என்று. அந்த நினைப்பில்தான் கலண்டரைப் பிரித்தேன்.

பிறகு தர்ஷிகாவின் போனில் உம்மோடு கதைத்தேன். நீர் சொன்னது எனக்குப் பாடம். “மாமி, நான் மாமாவை அழிக்கேல்லை, படத்துக்குக் குழப்பமாய் நிண்ட சாமான்களை எடுத்தனான். ஒரு பிளாஸ்ரிக் பை, கரண்ட் கம்பி, மாமா.” ஒரே மூச்சில் சொன்னீர். “அது நிலக்காட்சி மாமி. ஆள் நிண்டால் ஆளின்ரை படமாய்ப் போயிடும். எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்” என்றீர். “வானம்?” என்று கேட்டேன். “அது வேறை நாள் எடுத்த வானம்.” “பறவை?” “பறவை மன்னாரிலை எடுத்தது மாமி.” மன்னாரில் இருந்து வந்த பறவைக்கு இடம் இருக்கிறது, கோப்பாயில் பிறந்த மனுசனுக்கு இடம் இல்லை. முதலில் எடுத்த படம் இருக்கிறதோ என்று கேட்டேன். “பழைய கொம்பியூட்டர்ப் பெட்டியளுக்குள்ளை கிடக்கோ தெரியேல்லை, பாக்கிறன்” என்றீர். பிறகு உமக்கு வேலை வந்துவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க ஏலாமல் கலண்டரையும் கொண்டு பஸ் ஏறித் திரும்ப மானிப்பாய்க் கெல்வினிடம் போனேன். “தம்பி, இந்த இடத்திலை இவரை நிப்பாட்டி விடுவீரோ?” என்று கேட்டேன். “என்னம்மா இப்பிடிக் கேக்கிறியள், ஒரு நிமிசத்து வேலை” என்றார். அடுத்த கிழமை போனபோது படம் சட்டம் போட்டுத் தயார். கத்தரிக்காய் வானம், மன்னார்ப் பறவை, நடுக்கடலில் நெஞ்சளவு தண்ணீருக்குள் கோட்டும் ரையுமாக உம்முடைய மாமா! “ஐயோ தம்பி, ஏன் இவரைத் தண்ணிக்குள்ளை இறக்கினனீர்?” என்றேன். கெல்வின் தலையைச் சொறிந்து, “அடையாள அட்டையிலை கால் இல்லையம்மா. தரையிலை விட்டால் அந்தரத்திலை நிப்பார். தண்ணியெண்டால் ஆருக்கும் தெரியாது” என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த பொம்பிளை பார்த்துவிட்டு, “கடலிலையோ அம்மா போனவர்?” என்று கேட்டா. ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்னத்தைச் சொல்ல.

தம்பி, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், உம்முடைய கலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனால் எந்த அளவுக்கு மாற்றலாம் என்று நீர் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிளாஸ்ரிக் பையை எடுத்தது சரி, நானே அடுத்த நாள் போய்ப் பொறுக்கியிருப்பேன். நிறம் கொஞ்சம் கூட்டினது சரி, குழம்புக்கு மஞ்சள் போடாத பொம்பிளை ஆர். கரண்ட் கம்பியை எடுத்தது எனக்குச் சம்மதம் இல்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து எத்தனை வருசம் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்துதான் அந்தக் கம்பியைக் கண்டோம், அதுவும் எங்கள் வடிவுதான். ஆட்கள் வருகிற நாளில் முற்றம் கூட்டுவது வழக்கம். கூட்டும்போது வீட்டுக்காரனையும் சேர்த்துக் கூட்டி வேலிக்கு வெளியே தள்ளுகிற வழக்கம் இல்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அந்த முதல் படத்தைத் தேடும். பெட்டிகளைக் கொட்டித் தேடும், அம்மாவையும் கூப்பிட்டுத் தேடும். கிடைத்தால் அதில் ஒன்றையும் தொடாமல் அனுப்பும். பை கிடக்கட்டும். கம்பி கிடக்கட்டும். பனை மொட்டையாகவே நிற்கட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாலும், மூச்சுப் பிடித்ததில் முகம் வீங்கியிருந்தாலும், சின்னப் புள்ளியாகத்தான் தெரிந்தாலும் எனக்குக் காணும். அந்தப் புள்ளியை எனக்கு அடையாளம் தெரியும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்ரை கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அதை வேண்டுமென்றால் உம்முடைய கொம்பியூட்டரில் அழித்துத் திருத்தும்.

கோபத்தில் எழுதினேன் என்று நினைக்காதேயும். நீர் அன்றைக்கு வந்து கமராவை வைக்காவிட்டால் அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றதை நான் கண்டிருக்கமாட்டேன். உமக்கு நீண்ட ஆயுளும் குறையாத கண்பார்வையும் கிடைக்கட்டும். நல்ல பெண் ஒருத்தி வந்து அமையட்டும். எந்தப் படத்தில் எந்த மூலையில் நீர் நின்றாலும் உம்மைத் தேடிக் கண்டுபிடிக்கிறவளாக அவள் இருக்கட்டும். மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லும். குட்மோர்னிங் பூவை அனுப்பச் சொல்லும், இப்போது நான் போய்ப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உம்முடைய மாமி
பொ. செல்வநாயகி

பி.கு.: கடித உறையை ஒட்டப் போனபோது ஒன்று நினைவு வந்தது. அன்றைக்கு நான் உமக்குப் பின்னால் தேத்தண்ணிப் போத்தலோடு நின்றேன் அல்லவா. என்ரை நிழல் நெடுக நீண்டு மாமா நின்ற பக்கமாய்ப் போனது. நீர் திரும்பிப் பார்த்து, “மாமி, உங்கடை நிழல் படத்துக்குள்ளை வருது, கொஞ்சம் குந்துங்கோ” என்றீர். நானும் சொல்லுக் கேட்டுக் குந்திவிட்டேன். ஆகவே முதல் படத்திலும் நான் இருக்கமாட்டேன். மேலே எழுதினது எழுதினதுதான், மாற்றமில்லை. ஆனாலும் தம்பி, ஒரு வானத்தையே மாத்தினனீர், ஒரு பொம்பிளையின்ரை நிழல் போடுறது உமக்கு ஒரு வேலையோ? நிண்ட நிழலாய்ப் போடும். கொஞ்சம் இழுத்து நீட்டி அவரின்ரை காலிலை முட்ட விடும். ஆரும் கேட்டால், அண்டைக்கு வெய்யில் அப்பிடித்தான் விழுந்தது எண்டு நான் சொல்லுறன்.