வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு

"அப்பா, ஒரு பின்னல் காதுக்கு மேல நிக்குது. மற்றது காதுக்குக் கீழ நிக்குது," என்றாள் சுரேகா, கண்ணாடியைப் பார்த்தபடி.

"ஆடாமல் இரு. ஆடினால் அப்பிடித்தான் நிக்கும்," என்றான் பிரதாபன், பல்லுக்கிடையில் சீப்பைக் கடித்துக்கொண்டு.

வாசலில் பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடித்தது. நாலு வயதுக் கிருசாந்தன் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை. ஆசிரியையான மனைவி தாட்சாயினி, வெள்ளிக்கிழமை வரைக்குமான பயிற்சிக்கு அன்று விடியத்தான் வவுனியா பஸ் ஏறியிருந்தாள். "தனியச் சமாளிப்பீங்களோ? அம்மாவை வரச் சொல்லட்டோ?" என்று அவள் கேட்டபோது பிரதாபன் சிரித்தான். "ஆண்களும் வீட்டு வேலை செய்யவேணும் எண்டு ஊரூராய் வகுப்பெடுக்கிறவன் நான். என்னட்டையோ இதைக் கேக்கிறீர்?"

அவன் சொன்னது உண்மைதான். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவன் திட்ட அலுவலர். 'வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு' என்ற அவனுடைய கருத்தரங்கு வரும் வெள்ளிக்கிழமை, சொந்த ஊரான ஸ்கந்தபுரத்திலேயே நடக்க இருந்தது. கொழும்பிலிருந்து தலைமை அதிகாரி மேடம் வருகிறார். மண்டபம் நிறைந்தால் திட்டம் அடுத்த வருடமும் ஓடும். நிறையாவிட்டால் திட்டத்தோடு பிரதாபனின் வேலையும் போய்விடும்.

ஆண்களைக் கூப்பிட்டால் ஆண்கள் வருவதில்லை. ஆகவே ஆண்களின் பங்கு பற்றிய கருத்தரங்கை வழக்கம்போலப் பெண்களுக்கே ஒழுங்கு செய்திருந்தார்கள். ஊர் மாதர் சங்கம் முழுக்க வருவதாக வாக்குக் கொடுத்திருந்தது.

வான் மறுபடியும் ஹோர்ன் அடித்தது. பிரதாபன் வேலிக்கு மேலால் எட்டினான்.

"இரஞ்சிதமக்கா! ஒருக்கா ஓடி வாங்கோ. ஒரு சின்னப் பின்னல்தான்."

பக்கத்து வீட்டு இரஞ்சிதம் ஈரக் கையோடு ஓடி வந்தாள். இரண்டு பின்னலையும் அவிழ்த்துத் திரும்பப் பின்னி, கிருசாந்தனைப் பிடித்து மற்றச் சப்பாத்தையும் மாட்டி, இருவரையும் வானில் ஏற்றிவிட்டாள். அதற்குள் அவளுடைய அடுப்பில் சோறு கருகிவிட்டது.

"மனுசன் வயலால பசியோட வரப்போறார் தம்பி."

"பயப்பிடாதேங்கோ அக்கா. உங்கட சங்கத்துச் சுதர்சினியிட்ட நான் கதைக்கிறன். இந்தக் கிழமை முழுக்க உங்கட வீட்டுச் சமையலை அவ பாக்கட்டும். நீங்கள் காலமையில எங்கட பின்னலைப் பாருங்கோ."

பிரச்சினை எவ்வளவு சுலபமாகத் தீர்ந்தது என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிருசாந்தன் பல்லுத் தீட்டும்போது சொன்னான். "இண்டைக்கு முன்பள்ளிக்கு இலைக்கஞ்சி எங்கட முறை."

"எப்பயடா சொன்னவை?"

"நேற்றே உங்களிட்டச் சொன்னனான். நீங்கள் போனில ஆருக்கோ பிள்ளையளோட கதைக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்."

பிரதாபன் முருங்கையிலையை உருவி, அப்படியே பானைக்குள் போட்டான். கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது. மிஞ்சியதை ஒரு கரண்டி வாயில் வைத்த கிருசாந்தன், "மாட்டுக்குக் குடுப்பம் அப்பா," என்றான்.

பிரதாபன் கூப்பிட, சுதர்சினி குசினிக்குள் வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. "கஞ்சி காய்ச்சிறன் அண்ணை. ஆனால் இரஞ்சிதமக்கா வீட்டிலயும் உலை வைக்கவேணும். இவனை ஆர் வைச்சிருக்கிறது?"

கைக்குழந்தையைச் சந்திக் கடைக்காரியிடம் கொடுத்தான் பிரதாபன். கடையைப் பார்க்க இன்னொருத்தியைக் கூட்டிவந்தான். அவளுடைய ஆடுகளுக்குக் குழை ஒடிக்க வேறொருத்தியைப் பிடித்தான்.

"இதுக்குத்தான் ஒருங்கிணைப்பு எண்டு பேர்," என்று அலுவலகத்தில் விளக்கினான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

புதன்கிழமை பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளைத் தானே தோய்க்கத் துணிந்தான். கருத்தரங்குக்கு வந்திருந்த புது ஊதா ரீசேட்டுகளிலும் தூசி இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவைத்தான்.

"அப்பா," என்றாள் சுரேகா, கொடியைப் பார்த்து. "எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தரும் கத்தரிக்காய் நிறத்தில வாறேல்லை."

சங்கத்தில் தையல் தெரிந்த பெண் தன் மாட்டை இன்னொருத்தியின் பொறுப்பில் விட்டுவிட்டு, புதுச் சீருடை தைக்க உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை தாட்சாயினி போன் எடுத்தாள். "என்ன மாதிரிப் போகுது?"

"வலு சுகம். இதுக்கோ நீர் ஒவ்வொரு நாளும் களைச்சுப் போறன் எண்டனீர்?"

"அம்மா, அப்பா வந்து..." என்று தொடங்கிய சுரேகாவின் வாயில் பிஸ்கற்றை வைத்தான்.

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். குசினியில் கோப்பைகள் மலைபோலக் கிடந்தன. கதிரைகளில் உடுப்பு இருந்ததால் கோழி மேசையில் இருந்தது. நாளைக்குப் பின்னேரம் அவள் வந்துவிடுவாள். இதைக் கண்டால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவாள். போதாததற்கு நாளைக்கு முன்பள்ளியும் இல்லையாம்.

நேரே மாதர் சங்கத் தலைவி ஞானேஸ்வரியிடம் ஓடினான்.

"அக்கா, கிருசாவைப் பாக்க ஆள் வேணும். வீட்டையும் ஒருக்காத் துப்புரவாக்கவேணும். ஆரையும் பிடிச்சுத் தாங்கோ."

ஞானேஸ்வரி வந்து வாசலில் நின்றே உள்ளே எட்டிப் பார்த்தாள். "கனபேர் வேணும்போல கிடக்குத் தம்பி."

"எத்தினை பேர் எண்டாலும் பரவாயில்லை அக்கா."

"அப்ப யோசியாமல் போங்கோ. நான் ஒழுங்குபடுத்திறன்."

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பதாகை கட்டியாயிற்று. கதிரைகள் வரிசையாக நின்றன. தேத்தண்ணியும் றோல்சும் மூடி வைக்கப்பட்டிருந்தன. கொழும்பு மேடமும் வந்துவிட்டார். பெண்கள்தான் ஒருவரும் வரவில்லை.

பிரதாபன் ஓட்டோக்கார வீரபாகுவை ஊருக்குள் அனுப்பினான். "வீடு வீடாய்ப் போய் ஆக்களை ஏத்திக்கொண்டு வாங்கோ."

மேடம் வெறும் கதிரைகளைப் பார்த்தார். "என்ன பிரதாபன், ஒருவருக்கும் ஆர்வம் இல்லையா?"

பிரதாபன் வாசலைப் பார்த்தான்; ஓட்டோவைக் காணவில்லை. ஆனால் வகுப்பெடுத்துப் பழகிய வாய் அவனைக் கைவிடவில்லை.

"ஆர்வம் இல்லாமல் இல்லை மேடம். அவையளுக்கு வர விருப்பம்தான். ஆனால் வீட்டு வேலை விடுகுதில்லை. ஒரு மணித்தியாலம் வெளியில வரக்கூட நேரமில்லை. ஏன்? ஆம்பிளையள் தங்கட வேலையைத் தாங்கள் செய்யிறேல்லை. எல்லாத்தையும் பொம்பிளையளின்ர தலையில கட்டிப்போட்டு வெளியில வந்து பெருமை கதைக்கினம். இந்த வெறுங் கதிரையள்தான் மேடம் எங்கட கருத்தரங்கு ஏன் தேவை எண்டதுக்குச் சாட்சி!"

மேடம் நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு உணர்ந்து பேசுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. இந்தத் திட்டத்தை நிறுத்தவே கூடாது. ஆனால் ஒன்று, இந்தப் பெண்களை இப்படி மறித்து வைத்திருக்கிற ஆண்களை இன்றைக்கே நான் சந்திக்கவேண்டும்."

"கட்டாயம் மேடம். நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிறன்."

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. வீரபாகு மட்டும் இறங்கி வந்தான்.

"ஆக்கள் எங்கே? யார் அவர்களை விடவில்லை?" என்று மேடமே கேட்டார்.

வீரபாகு தலையைச் சொறிந்தான். "எல்லாரும் ஒரே வீட்டிலதான் மேடம் நிக்கினம். கூட்டித் துடைச்சு, கோப்பை கழுவி, சமைச்சு, பொடியனையும் குளிக்க வார்த்துப்போட்டுத்தான் வருவினமாம். அந்த வீட்டு மனுசனை நீங்கள் தேடிப் போகவேண்டாம், உங்களுக்குப் பக்கத்திலதான் நிக்கிறார்."