வெப்பக் கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி ராய்ஸுக்கு

மேசன், டெக்சஸ்
பிப்ரவரி 19, செவ்வாய்

என் மனைவி வெர்லீனின் ஒரே தம்பியும், கேட்காமலே யோசனை சொல்வதில் குறைவைக்காதவனுமாகிய ராய்ஸுக்கு, உன் அத்தான் ஹில்மர் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம். உன் வீட்டில் எல்லோருடைய நலத்துக்கும் ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன், குறிப்பாக உன் நலத்துக்கு. ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க உடம்பில் தெம்பு வேண்டும்.

நடந்தது உனக்குப் பாதி தெரியும், மீதியையும் தெரிந்துகொள். இந்த ஈற்றுப் பருவத்தில் மாத்திரம் ஐந்து ஆட்டுக்குட்டிகள் போய்விட்டன. சீடர் என்கிற காட்டுப் புதருக்கடியில் கொஞ்சம் ரோமம், கொஞ்சம் எலும்பு, சுற்றிலும் கொயோட்டியின் காலடி. நரியைவிடப் பெரிதாய், ஓநாயைவிடச் சிறிதாய் இருந்துகொண்டு இரண்டின் புத்தியையும் சேர்த்து வைத்திருக்கும் அந்தத் திருட்டுப் பிராணியை நாற்பது வருஷமாக எனக்குத் தெரியும். பகலில் முகம் காட்டாது. வெர்லீன் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரு குட்டி போச்சுன்னா ஏலச்சந்தை வண்டிய வரச்சொல்லிருவேன். எல்லா ஆட்டையும் ஏத்திவிட்டுட்டு சான் அன்டோனியோவுல தம்பி வீட்டுக்குப் பக்கத்துலயே போயி இருந்துக்கலாம்." ராய்ஸ், உன் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் மிச்ச ஆயுசை உன் வேலிக்கு இந்தப் பக்கம் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து நீ சொல்லும் யோசனைகளைக் கேட்டுக்கொண்டு கழிக்க என்னால் ஆகாது.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் செய்தாய். "அத்தான், ராத்திரி வேட்டைக்குத் துப்பாக்கி மேல மாட்டுற கண்ணாடி மூணு தினுசு. பச்சையாத் தெரியுமே, அந்தக் கண்ணாடிக்கு நிலா வேணும். டிஜிட்டல் கண்ணாடிக்கு விளக்கு வேணும், அது கொஞ்ச தூரந்தான் எட்டும். வெப்பக் கண்ணாடிக்கு ஒண்ணுமே வேணாம், உயிருள்ளது எதுவா இருந்தாலும் உடம்புச் சூட்டுல வெள்ளையாத் தெரியும். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றாய். வீடுவீடாக ஏ.சி. மாட்டுகிறவன் வெப்பத்தைப் பற்றிச் சொல்கிறானே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நீயே அனுப்பியும் வைத்தாய். அதைத் துப்பாக்கி மேல் மாட்டிக் குறி சரிபார்க்கலாம் என்று பலகையில் காகிதம் ஒட்டிப் பார்த்தால் பலகையும் தெரியவில்லை, காகிதமும் தெரியவில்லை. காகிதத்துக்குச் சூடு கிடையாதாமே, அதை நீ சொல்லவே இல்லை. வெர்லீன் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சுட்டு வைத்திருந்த டார்ட்டியா ரொட்டியை ஒவ்வொன்றாகப் பலகையில் ஆணியடித்து, அது ஆறுவதற்குள் ஓடிவந்து சுட்டு, மறுபடி ஓடி, எட்டு டார்ட்டியாவில் குறி சரியானது. அன்று ராத்திரி நாங்கள் பீன்ஸை மாத்திரம் கரண்டியால் தின்றோம்.

அப்புறம் வண்டிக்குள் உட்கார்ந்தேன். வெளியே பனி. ஜன்னலை நன்றாக ஏற்றிவிட்டு, கண்ணாடியில் கண்ணை வைத்தால் ஆடும் இல்லை, புதரும் இல்லை, ஒரு வெள்ளை மூட்டம், அதில் தொப்பி போட்ட பருத்த ஆள் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். காலையில் தீவனக்கடை யூஜினிடம் கேட்டேன். "கண்ணாடிய இறக்கிட்டுப் பாருங்க" என்றான். சரியென்று வெப்பக் கண்ணாடியின் திருகைத் தளர்த்தி அரை விரல் கீழே இறக்கி மாட்டினேன். எட்டு டார்ட்டியாவின் குறியும் போயிற்று. அன்றைக்கும் அதே பருத்த ஆள். இன்னும் ஒரு விரல் இறக்கினேன். மூன்று ராத்திரி, ராய்ஸ். நாலாம் நாள் யூஜின் நேரில் வந்து பார்த்துவிட்டு, "வண்டிக் கண்ணாடியய்யா, ஜன்னல் கண்ணாடி. அதுக்குள்ளாற சூடு பூராது. இத்தன நாளா உங்க மூஞ்சியத்தான் வேட்டையாடியிருக்கீங்க" என்றான். அதைச் சொன்னதோடு விட்டானா? கடையில் சொன்னான், ஊரில் சொன்னான். ஞாயிறு ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது பாஸ்டர் என் கையை விடாமல், "என்ன ஹில்மர், ஜன்னல இறக்கியாச்சா?" என்று கேட்கிறார். இந்த மூன்று ராத்திரிக்குள் இன்னும் இரண்டு குட்டி போயிற்று. வெர்லீன் வெள்ளிக்கிழமைக்கு ஏலச்சந்தை வண்டி சொல்லிவிட்டாள்.

நேற்று ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாம் தெரிந்தது, அதிகமாகவே தெரிந்தது. எண்ணினால் எழுபத்திரண்டு ஆடு. எனக்கு இருப்பதோ ஐம்பத்தைந்து. பகல் வெயிலைக் குடித்த பாறைகளும் ஆடாக நிற்கின்றனவென்று புரியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்போதுதான் ஈற்றுப் பட்டியின் வேலியோரம் நீளமாய், தாழ்வாய், வெள்ளையாய் ஒன்று ஊர்ந்து போவதைப் பார்த்தேன். நிற்கும், தலையைத் தாழ்த்தும், மறுபடி ஊரும். என் ஏழு குட்டியும் கண்முன் வந்தன. துப்பாக்கியின் பூட்டை நீக்கினேன். விசையில் விரலை வைத்தேன். அப்போது அந்தக் கொயோட்டி வாயைத் திறந்து, "ஏங்க, அங்க சும்மாத்தான உக்காந்திருக்கீங்க, வந்து இவ காலப் புடிங்க, குட்டி திரும்பிக் கெடக்கு" என்றது.

வெர்லீன் பின்வாசல் வழியாக எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. வேலிக்கடியில் ஈன முடியாமல் கிடந்த ஆடு மிரளாதபடி மண்டியிட்டுத் தவழ்ந்து போயிருக்கிறாள். நான் ஓடினேன், காலைப் பிடித்தேன், குட்டியும் வந்தது. குட்டியைத் துடைத்துக்கொண்டே அவள் என் பக்கம் திரும்பினாள். "எதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். கொயோட்டி என்றேன். "எங்க?" என்றாள். அவளே வண்டியைப் பார்த்தாள், துப்பாக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாள், புரிந்துகொண்டாள். "முப்பத்தெட்டு வருஷம் வெறுங்கண்ணுல அடையாளம் தெரிஞ்சவ நான்" என்றாள். அவ்வளவுதான். உயிர் இருக்கிறதென்று காட்டுகிறதே தவிர, யாருடைய உயிர் என்று காட்டாத ஒரு சாமானை நீ எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாய். இருக்கிறது உனக்கு ஒரே அக்கா.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து இதை எடுத்துக்கொண்டு போ. வரும்போது யோசனை எதுவும் கொண்டுவராதே. வெள்ளிக்கிழமையே ஆடு போய்விடும், காலிப் பட்டியையும் பார்த்துவிட்டுப் போகலாம். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உன்னைக் காத்து, உன் போனையும் கொஞ்ச நாள் வாயடைக்கச் செய்வாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த
ஹில்மர்

பின்குறிப்பு: மேலே கண்டதை உறையில் போடுவதற்குள் இருட்டிவிட்டது. "என்னைய என்னவா நெனச்சீங்கன்னு நானும் பாக்குறேன்" என்று வெர்லீன் வெப்பக் கண்ணாடியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். சீடர் புதருக்குள் ஒற்றைப் புள்ளி வெள்ளையாய், மங்கலாய்த் தெரிந்திருக்கிறது. பிறந்த ஈரம் காயாத குட்டி, பாதி விறைத்துவிட்டது. தாய் இரட்டையில் முதலாவதைக் கூட்டிக்கொண்டு போய், இதை மறந்துவிட்டது. அடுப்போரம் வைத்துப் பால் கொடுத்தோம், எழுந்து நின்றது. விடிவதற்குள் இன்னும் இரண்டை அப்படியே கண்டெடுத்துக் கொண்டுவந்தாள். கொயோட்டி ஒன்றையும் கொல்லவில்லை, ராய்ஸ். குளிரில் நாங்கள் விட்டதைத் தின்றிருக்கிறது. காலையில் வெர்லீன் ஏலச்சந்தை வண்டிக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. வரும்போது இன்னொரு வெப்பக் கண்ணாடி கொண்டு வா. இதை வெர்லீன் எனக்குத் தரமாட்டாளாம். கேட்டால், "உங்க கையில குடுத்தா சுடத்தான் தோணும்" என்கிறாள்.