பத்துக் கிலோ ஷேருவைக் காணவில்லை

நதிமுகச் சரக்குக் கழகத்தின் கிடர்பூர் குடியிருப்பில் நாய் வளர்க்க அனுமதி உண்டு. அனுமதிக் கடிதத்தில் நாயின் பெயர், நிறம், எடை மூன்றும் இருக்க வேண்டும். மகேஸ்வரன் வீட்டுக் கடிதத்தில் 'ஷேரு, பழுப்பு, முப்பத்தெட்டு கிலோ' என்று இருந்தது. பொய்யில்லை. அப்போது ஷேரு நாய் மாதிரியே இல்லை, மூச்சு வாங்குகிற சோபா மாதிரி இருந்தது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். மாடி வீட்டு வங்காளி அண்ணி, எல்லாருக்கும் பௌதி, தினமும் சந்தேஷ் இனிப்பு போடுவாள். மகேஸ்வரன் தன் தட்டில் பாதியைத் தள்ளிவிடுவார். குடியிருப்பு அலுவலகத்து ஹால்தார் பாபு வாசலைக் கடக்கும்போதெல்லாம் பிஸ்கட். கேட்டால், "பாவம், வாயில்லா ஜீவன்" என்பார்கள். அந்த ஜீவனுக்கு வாயைத் தவிர வேறெதுவுமே வேலை செய்யவில்லை.

"பத்துக் கிலோ குறைக்கலேன்னா முட்டி போயிடும். அப்புறம் எழுந்திருக்காது" என்றார் நாய் டாக்டர்.

மகேஸ்வரனின் மகள் வித்யா அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அளந்து சோறு, வேகவைத்த பீன்ஸ், காலையும் மாலையும் துறைமுக மதிலோரமாக நடை, தீனி போடுகிறவர்கள் அத்தனை பேரோடும் சண்டை. ஆறே மாதத்தில் ஷேரு இருபத்தெட்டு கிலோ. அது ஓடியது. வித்யாவே நம்பவில்லை.

அனுமதியைப் புதுப்பிக்கும் நாளில் ஹால்தார் பாபு கிடங்குத் தராசில் நாயை நிறுத்தி, கடிதத்தைப் பார்த்து, மறுபடி தராசைப் பார்த்தார்.

"இது வேற நாய்."

"அதே நாய்தான் காக்கு. உங்களைப் பார்த்து வாலாட்டுது பாருங்க" என்றாள் வித்யா. காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா.

"வால் ஆவணம் ஆகாதும்மா. கடிதத்துல முப்பத்தெட்டு, தராசுல இருபத்தெட்டு. பாக்கி பத்துக் கிலோ எங்கே?"

"இளைச்சிடுச்சு."

"முப்பத்தெட்டு மூட்டை ஏத்தி இருபத்தெட்டு இறக்கினா, இளைச்சிடுச்சுன்னு எழுத முடியுமா?"

இருபத்திரண்டு வருஷமாகக் கப்பல் மூட்டை எண்ணுகிற மகேஸ்வரன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். "அவர் சொல்றது ரூல்ஸ்படி சரிதாண்டி."

"நீ யார் பக்கம்ப்பா?"

"நான் யார் பக்கமும் இல்ல. நான் ஸ்டாஃப்."

ஹால்தார் பாபு இரக்கமுள்ளவர். இரண்டு வழி சொன்னார். ஒன்று, இதைப் புது நாயாகப் பதியலாம். அதற்குப் பழைய நாயின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் பதினைந்து நாளில் நாயைப் பழைய எடைக்குக் கொண்டுவரலாம். இரண்டும் நடக்காவிட்டால் நாய் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.

செய்தி பரவியது. சாயங்காலமே பௌதி தட்டோடு வந்து நின்றாள். "கவலைப்படாதே வித்யா, ஒரே வாரத்துல ஏத்திடலாம்!"

வித்யா கதவைச் சாத்தினாள். மறுநாள் 'சரக்குக் குறைவு அறிக்கை' என்ற படிவத்தை வாங்கினாள். குறைவுக்குக் காரணம்: மழை, கசிவு, எலி, திருட்டு. ஒன்றில் குறியிட வேண்டும். அவள் நான்கையும் அடித்துவிட்டு 'நடை' என்று எழுதினாள். படிவம் திரும்பி வந்தது.

"நடைன்னு ஒரு காரணம் கிடையாதும்மா" என்றார் ஹால்தார் பாபு.

"அப்ப திருட்டுன்னே வச்சுக்கோங்க!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? திருட்டுன்னா எங்களுக்குப் பழக்கம். நாய் இங்கேயே இருக்கட்டும். ஆனா தேடிப் பார்க்கணும். மதிலுக்குள்ள பொருள் கிடைச்சா இழப்பு இல்லைன்னு கோப்பை மூடிடலாம். கிடைக்கலேன்னா மேலிடத்துக்குப் போகும். அங்கே நாயைக் கேட்பாங்க."

தொலைந்தது எடை. எனவே யாரிடம் எடை கூடியிருக்கிறது என்று தேடுவதே முறை. எல்லார் எடையும் எழுதியிருந்த போன வருஷ மருத்துவ முகாமின் பதிவேட்டை எடுத்தார்கள். ஷேருவோடு பழக்கமுள்ளவர்கள் மட்டும் கிடங்குத் தராசில் ஏற உத்தரவு.

பௌதி நாலு கிலோ கூடியிருந்தாள். "நாய்க்கு வாங்கின சந்தேஷை என்ன பண்றது? வீணாக்கினா பாவமில்லையா?"

மகேஸ்வரன் மூன்று. தட்டில் தள்ளிவிடாத பாதி.

ஹால்தார் பாபு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று தானே ஏறினார். ஒன்றரை. பிஸ்கட் வாங்கும் பழக்கம் விடவில்லையாம்.

மொத்தம் எட்டரை கிலோ ஆயிற்று. இன்னும் ஒன்றரை வேண்டும். எல்லாரும் வித்யாவைப் பார்த்தார்கள்.

"நான் எதுக்கு? நான்தானே இளைக்க வச்சேன்?"

"டெய்லி ரெண்டு வேளை நடந்த பொண்ணு, ஏற என்ன பயம்?" என்றாள் பௌதி.

நடந்தது உண்மை. திரும்பும் வழியில் தினமும் முனைக்கடையில் பரோட்டாவில் முட்டை வைத்துச் சுருட்டிய எக்ரோல் சாப்பிட்டதும் உண்மை. நாய்க்குக் கொடுக்கக் கூடாது, பார்த்துக்கொண்டிருக்கும் அதற்கு மனசு கஷ்டம், அதனால் சீக்கிரம் சீக்கிரமாக விழுங்குவாள். ஷேரு காலடியில் உட்கார்ந்து அவளையே பார்த்தது. ஏறினாள்.

சரியாக ஒன்றரை.

கைதட்டினார்கள். மகேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சரியாகக் கூட்டல் கணக்கு வந்ததில்லை. அன்றே ஆணை வந்தது:

'காணாமற்போன சரக்கு குடியிருப்பு எல்லைக்குள் நால்வரிடம் பத்திரமாக இருப்பது கண்டறியப்பட்டது. நாய் தொடர்ந்து வசிக்கலாம். மேற்படி நால்வரும் முன் அனுமதியின்றி மெலியக் கூடாது. மெலிந்தால் நாயின் அனுமதி ரத்தாகும்.'

சர்க்கரைக்காகத் தன்னை நடக்கச் சொல்லியிருந்த டாக்டரிடம் காட்ட மகேஸ்வரன் இரண்டு நகல் எடுத்துக்கொண்டார். பௌதி ஆணையைக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

மறுநாள் காலை வித்யா ஷேருவைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். மேலே மாடியிலிருந்து குரல் வந்தது.

"மெல்ல நடடி, மெல்ல! வேர்க்குது பாரு! நீ இளைச்சேன்னா நாயைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க!"

ஷேரு ஓடலாம் என்று சங்கிலியை இழுத்தது. யார் பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லாத வித்யா, வேகத்தைக் குறைத்தாள்.