வெளியே பூட்டு, உள்ளே நாங்கள்

சேசு மரி சூசை துணை

மஞ்சக்குப்பம், கடலூர்.
டிசம்பர் 24, மதியம் மூன்று மணி.

அன்பும் பாசமும் நிறைந்த மச்சான் அன்பரசுக்கு, மாமா லூர்துசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஆரோக்கியம்மாளும் மகள் அனுப்பிரியாவும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கே சிதம்பரத்தில் நீயும் எழிலரசியும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே சுகம் என்று எழுதிவிட்டேன், அதை நீ படித்தவுடன் மறந்துவிட வேண்டும். ஏனென்றால், எங்கள் தெருவைப் பொறுத்தவரை நாங்கள் மூன்று பேரும் இருபத்திரண்டாம் தேதியிலிருந்து சிதம்பரத்தில் உன் வீட்டில்தான் இருக்கிறோம்.

நீ பதற வேண்டாம். புத்தியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. முன்வாசல் கதவில் வெளியே பூட்டைத் தொங்கவிட்டு, பின்பக்கச் சந்து வழியாக உள்ளே வந்து, ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஜனவரி இரண்டாம் தேதி வரைக்கும் இப்படித்தான். போனில் சொல்லலாமே என்பாய். மூன்று போனுக்கும் இருபதாம் தேதியோடு ரீசார்ஜ் முடிந்தது, பண்டிகை கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போட்டிருந்தாலும் வாய் திறந்து பேச முடியாது. காரணம் பின்னால் வருகிறது.

போன கிறிஸ்துமஸ் உனக்கு நினைவிருக்கும். நீயும்தான் வந்து சாப்பிட்டாய். எங்கள் தெருவில் தீபாவளிக்குப் பதினான்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் அதிரசம், முறுக்கு, சுழியம் என்று வரும். டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருகிற வழக்கம் கிடையாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் வைத்திருந்து, கேக்கும் கல்கல் பலகாரமும் நிரப்பித் தர வேண்டும். அதோடு விட்டதா? மதியம் தெருவுக்கே பிரியாணி, பாட்டுக் குழுவுக்கு நன்கொடை, பால்காரருக்கு வேட்டி, போகிற வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கையில் காசு. முப்பத்தோரு வருடம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டியை எடை போட்டவன் நான். என் கண்ணுக்கு அரை கிலோ தப்பாது. ஆனால் பண்டிகை என்று வந்தால் இந்தக் கைக்கு அளவு தெரியாமல் போய்விடுகிறது. கடைசியில் என்ன ஆயிற்று? அனுப்பிரியாவின் நர்சிங் காலேஜுக்குக் கட்ட வேண்டிய இரண்டாம் தவணையை எடுத்துத்தான் ஊருக்கு விருந்து வைத்திருக்கிறேன் என்று ஜனவரியில்தான் தெரிந்தது. உன் அக்காவின் கம்மலை அடகு வைத்து, அபராதத்தோடு கட்டினேன். பணம் வருகிற வரைக்கும் பதினோரு நாள் அந்தப் பிள்ளையை வகுப்பில் உட்கார விடவில்லை. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மச்சான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அது எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

அதனால் இந்த வருடம், ஜனவரி இரண்டாம் தேதி காலேஜ் திறந்து பணம் கட்டுகிற வரைக்கும் ஒரு பைசா வெளியே போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆளே இல்லை என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மச்சான் சிதம்பரத்துக்குக் கட்டாயம் வரச் சொல்கிறான், விடமாட்டேன் என்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நீ என்னை இதுவரை ஒரு தடவைகூடப் பண்டிகைக்குக் கூப்பிட்டதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

திட்டம் என்னவென்றால், பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடப்பது, அங்கிருந்து சந்துக்குள் நுழைந்து திரும்பிவிடுவது. கிளம்பிப் பத்து அடி வைக்கவில்லை, பக்கத்து வீட்டு உத்திராபதி, உரக்கடை வைத்திருக்கிறாரே அவர்தான், மூட்டை ஏற்றுகிற வண்டியோடு வந்து நிற்கிறார். "பொம்பளப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு பையத் தூக்கிக்கிட்டு நடப்பாங்களா? ஏறுங்க சார்!" என்று மூன்று பேரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடிக்கப் பிடிக்க டிக்கெட்டும் அவரே எடுத்து, பஸ் நகர்கிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி விருத்தாம்பாள் எழிலரசிக்கென்று ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய் வேறு கொடுத்தனுப்பியிருந்தார். வழியில் முதுநகரிலேயே இறங்க எழுந்தோம். "சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க எறங்கறீங்க? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்று உன் அக்காவைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று. அங்கிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு வர ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். சிக்கனத்தின் முதல் செலவு அது. ஊறுகாய் விஷயத்தை எழிலரசியிடம் சொல்லாதே, பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்தாவது நிம்மதி உண்டா? ஆளில்லாத வீடு, திருடன் வந்துவிடுவான் என்று உத்திராபதி எங்கள் கேட்டுக்குள்ளேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் பேப்பர், மதியம் தூக்கம், சாயங்காலம் டீ, எல்லாம் எங்கள் கதவுக்கு மூன்றடி தூரத்தில். கடையைப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்களாம். நாங்கள் குக்கர் வைப்பதில்லை, மிக்சி போடுவதில்லை, இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறோம். எனக்குச் சும்மா உட்கார வராது என்று உனக்குத் தெரியும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நுனிக்காலில் நடந்து நடந்து கெண்டைக்கால் கட்டிக்கொண்டுவிட்டது. ஜன்னல் இடுக்கில் பார்ப்பதும், வந்து உட்காருவதும், மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பதுமாக மூன்று நாள் ஓடிவிட்டது.

முதல் நாள் சாயங்காலமே பாட்டுக் குழு வந்தது. வீடு பூட்டியிருக்கிறது, போய்விடுவார்கள் என்று பார்த்தால், உத்திராபதி அவர்களை நிறுத்தி, "ஆளுங்க சிதம்பரம் போயிருக்காங்க, அதுக்காக ஊட்ட வாழ்த்தாம போவீங்களா?" என்று மூன்று பாட்டுப் பாட வைத்துவிட்டார். இரண்டாவது பாட்டில் அனுப்பிரியா தன்னை மறந்து உள்ளேயிருந்து குரலெடுத்துப் பாடிவிட்டாள். கோயில் பாடகர் குழுவில் ஆறு வருடம் இருந்த பிள்ளை, பழக்கம் விடுமா? நான் ஓடிப்போய் வாயைப் பொத்தினேன். வெளியே ஒரு நொடி எல்லாரும் நிறுத்தினார்கள், எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் முன்னைவிடச் சத்தமாகப் பாடினார்கள், நல்லவேளை. நேற்று உத்திராபதி ஒரு காகித நட்சத்திரத்தைக் கொண்டுவந்து, அவர் வீட்டிலிருந்து மதில்மேல் வயர் இழுத்து, எங்கள் போர்ட்டிகோவில் தொங்கவிட்டு விளக்கும் போட்டுவிட்டார். "ஆளில்லன்னா ஊடு இருட்டாவா கெடக்கணும்?" என்று யாரிடமோ சொன்னார். அந்த வெளிச்சம் நேராகக் கூடத்துக்குள் விழுகிறது, நாங்கள் தவழ்ந்துதான் போகிறோம்.

இதில் உன் அக்கா வேறு. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சத்தம் கேட்கக் கூடாது என்று பேசாமல் இருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். இன்று காலை பதினான்கு டப்பாவையும் வரிசையாகத் துடைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வெட்டியிருக்கும் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்: "பேரு வெட்டுன டப்பாவ வெச்சிக்கிட்டு ஒளிஞ்சிருக்கறது திருட்டுங்க. இருவத்தேழு வருசத்துல நான் இப்பிடி ஒரு பண்டிகைய பாத்ததில்ல." காலேஜுக்குக் கட்ட வேண்டிய பணம் கவரில் போட்டு பீரோவில் இருக்கிறது, அதை மட்டும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகையால் மச்சான், உன்னிடம் கேட்பது இதுதான். உத்திராபதியோ விருத்தாம்பாளோ உனக்குப் போன் செய்தால், நாங்கள் அங்கேதான் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். மாமா குளிக்கிறார் என்று சொல். மறுபடி செய்தால் தூங்குகிறார் என்று சொல். முக்கியமாக, உயிரே போனாலும் இந்தப் பக்கம் வந்துவிடாதே. நாளை விடியற்காலை குறிஞ்சிப்பாடிக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம், அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. இந்தக் கடிதத்தை அனுப்பிரியா சந்து வழியாகப் போய்த் தபால் பெட்டியில் போடுவாள்.

பாலன் இயேசு உன் வீட்டில் எல்லாக் குறையையும் தீர்த்து வைக்கட்டும். எழிலரசிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். மாதா துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
எஸ். லூர்துசாமி.

பின்குறிப்பு: மச்சான், நீ இப்போது எங்கள் கேட்டருகே நிற்கிறாய். ஜன்னல் இடுக்கில் தெரிகிறாய். எழிலரசி நிற்கிறாள், பிள்ளைகள் நிற்கிறார்கள், நான்கு பை இருக்கிறது. "செலவு தாங்கலங்க, நாங்க சிதம்பரத்துல ஊட்டப் பூட்டிட்டு, மாமா வூட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டு வந்துட்டோம்" என்று நீ உத்திராபதியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கதவைத் திறப்பதா, கட்டிலுக்கு அடியில் போவதா என்று நான் யோசிப்பதற்குள் விருத்தாம்பாள் வந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் கேட்டிருப்பாய்: "ஏம்பா, அவுங்க ஒங்க ஊட்டுக்குத்தான் போயிருக்காங்கன்னு மூணு நாளா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் தெருவே சேந்து சொல்லிக்கிட்டு இருக்கோம். நீயே இங்க வந்து நின்னுட்டா நாங்க இனிமே என்னத்தன்னு சொல்றது? ஆரோக்கியம் மொத நாளே பின்செவுத்துல நின்னு எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டா. புள்ளைக்குப் பணம் கட்டணும்னு அந்த மனுசன் உள்ள கெடக்கறாரு, யாரும் கெடுக்கக் கூடாதுன்னுதான் எங்க வூட்டுக்காரரு கடைய விட்டுட்டு இங்கயே காவலுக்கு உக்காந்திருக்காரு. நாளைக்குச் சோறு எங்க ஊட்டுலதான், ஒங்களுக்கும் சேத்து ஒல வெச்சுடறேன்." மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. சாவியை இதே தாளில் மடித்து ஜன்னல் வழியாக நீட்டுகிறேன், நீயே பூட்டைத் திற. ஆனால் கொஞ்சம் மெதுவாகத் திற மச்சான், நான் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன்.